ஆறடி கேட்டும் அமெரிக்கா வண்டியும்

எங்கள் வீட்டுக்குள் வர வேண்டுமென்றால் ஒரு காருக்குள் ஏறி, அந்தப் பக்கம் இறங்கித்தான் வர வேண்டும். பொய் இல்லை. திருப்போரூரில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தபால்காரர் ஏறி இறங்கியிருக்கிறார். காஸ் சிலிண்டர் ஏறி இறங்கியிருக்கிறது. ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் கும்பிட்ட கையோடு தலையை இடித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் இடுப்பில் குடத்தோடு ஏறி இறங்கியதற்குக் கணக்கே கிடையாது.

அது அமெரிக்காக்காரன் செய்த வண்டி. தயிர் நிறமும் இலைப்பச்சையும் கலந்தது. மூக்கில் வெள்ளி மாதிரி எழுத்துகள் பதித்திருந்தார்கள். அது எங்களிடம் வந்தபோதே பாதி எழுத்து உதிர்ந்து போயிருந்தது. எனக்கு அந்த எழுத்து படிக்கவும் வராது. அதனால் பெயர் சொல்லிப் பழக்கமில்லை. பெரிய வண்டி என்றுதான் சொல்வோம்.

என் வீட்டுக்காரர் செங்கல்பட்டில் ஒரு ரைஸ்மில் முதலாளிக்கு டிரைவராக இருந்தார். அந்த முதலாளி வாலிபத்தில் வாங்கிய வண்டி அது. அவர் படுத்த படுக்கையான பிறகு பிள்ளைகள் சின்னதாகப் புது கார் ஒன்று வாங்கினார்கள். பெரிய வண்டியை யார் வைத்துப் பார்ப்பது? "நீதானே இத்தனை வருசமா குளிப்பாட்டுனே, நீயே இட்டுகினு போ" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. இவர் முன்பக்கத்தில் சாமந்தி மாலை போட்டு, செங்கல்பட்டு ரோட்டில் ஓட்டிக்கொண்டு வந்து வீட்டு எதிரில் நிறுத்தி ஆரன் அடித்தார். எருமை கத்துவது மாதிரி இருந்தது. தெருவே வந்து நின்றது. நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

அந்த வாரமே எங்களை மாமல்லபுரத்துக்குக் கூட்டிப்போனார். முன்சீட்டு ஒரே நீளம், பெஞ்சு மாதிரி. கியர் ஸ்டியரிங் பக்கத்திலேயே இருக்கும். மகள் நடுவில், நான் ஜன்னல் ஓரம். வழியெல்லாம் ஆட்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. தலையைக் குனிந்தவள் நிமிரவே இல்லை. குனிந்தே மாமல்லபுரம் போய்க் குனிந்தே திரும்பி வந்தேன். என்ன பார்த்தாய் என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். என் முழங்காலைத்தான் பார்த்தேன்.

முதலில் நன்றாகவே ஓடியது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கேட்பார்கள். கடற்கரைப் பக்கம் சினிமா எடுக்க வந்தால் பழைய காலத்துப் பணக்காரன் இறங்குகிற சீனுக்குக் கேட்பார்கள். ஆனால் அது குடிக்கிற வண்டி. மூன்று கார் குடிக்கிற பெட்ரோலை ஒன்றே குடிக்கும். ஒரு சாமான் போனால் இந்த நாட்டில் கிடைக்காது. உடைந்ததை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு செங்கல்பட்டு லேத்துப் பட்டறையில் போய் உட்காருவார். கடைந்து வாங்கிக்கொண்டு வருவார். விளக்கு லாரியுடையது. பாட்டரி டிராக்டருடையது. கடைசியில் அமெரிக்கா எது, செங்கல்பட்டு எது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

யார் வந்தாலும் அந்தக் கம்பெனியின் கதையைச் சொல்லுவார். ஒரு விவசாயி மகன் தொடங்கிய கம்பெனியாம். அதற்கு முன்னால் கார் என்றால் சீமான்களுக்குத்தானாம். பட்டறையில் வேலை செய்கிறவனும் வாங்க வேண்டும் என்று இவன்தான் செய்தானாம். அந்தக் காலத்தில் மெட்ராசுக்குக் கப்பலில் பெட்டி பெட்டியாகத் துண்டு துண்டாக வந்து இங்கேதான் சேர்த்து முழு வண்டி ஆக்குவார்களாம். பிறகு சட்டம் மாறி, கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டதாம். "பூட்டான், ஆனா வருவான்" என்பார், ஏதோ துபாய்க்குப் போன மச்சானைச் சொல்கிற மாதிரி.

அப்புறம் எங்கள் பக்கம் மனை போட ஆரம்பித்தார்கள். வயலில் எல்லாம் மஞ்சள் கல் நட்டார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னாலும் பக்கத்திலும் விற்றுப்போய்ச் சுவர் வந்துவிட்டது. நம் இடத்தில் யாராவது கல்லை நகர்த்திவிடப் போகிறார்கள் என்று இவருக்குப் பயம். உடனே தெருப்பக்கம் சுவர் எழுப்ப வேண்டும் என்றார்.

வண்டி அப்போது படுத்திருந்தது. ஏதோ சாமானுக்காக நாலு சக்கரத்தையும் கழற்றி, கருங்கல்லின் மேல் ஏற்றி, தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார். தெருவுக்கும் எங்கள் வாசற்படிக்கும் நடுவில் குறுக்காக நின்றது. அதை நகர்த்தாமலேயே சுவர் எழுந்தது. தெருப்பக்கம் ஆள் வர ஒரு சின்னக் கேட்டு. மூலையில், பக்கத்துச் சந்தில் திரும்புகிற மாதிரி வண்டிக்கு ஒரு பெரிய கேட்டு.

மேஸ்திரி மனையடி சாஸ்திரம் பார்க்கிறவர். "ஆறடி நல்லது. ஏழு தரித்திரம். எட்டும் நல்லதுதான், ஆனா எட்டு வெச்சா தூணு கரண்டுக் கம்பத்துல போயி இடிக்கும். வண்டி எவ்ளோ அகலம் அண்ணாத்த?"

இவர் தார்ப்பாய்க்குக் கீழே குனிந்து, சக்கரம் மாட்டுகிற இடத்திலிருந்து அந்தப் பக்கம் சக்கரம் மாட்டுகிற இடம் வரைக்கும் கயிறு பிடித்து அளந்தார். "அஞ்சடி கூட இல்ல மேஸ்திரி. ஆறு தாராளம்."

நல்ல நாள் பார்த்து, தூண் குழியில் நவதானியமும் ஒரு செப்புக் காசும் போட்டுக் கம்பி கட்டி வார்த்தார்கள்.

சாமான் வந்து, சக்கரம் மாட்டி, தார்ப்பாயை எடுத்து, வண்டி உருமிக்கொண்டு கேட்டுக்குப் போனது. இரண்டு பக்கமும் மட்கார்டு தூணில் போய் உட்கார்ந்துகொண்டது. பின்னுக்கு வந்து மறுபடியும் போனார். மறுபடியும் உட்கார்ந்தது. நாலு விரல் அகலம் அதிகம்.

மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார். "அளந்தியா இல்லியா நைனா?"

"அளந்துதான சொன்னேன். இந்தச் சக்கரத்துக்கும் அந்தச் சக்கரத்துக்கும்..."

"சக்கரம் மட்டுமா போவுது? வண்டிக்குத் தொந்தி கீதேய்யா!"

தெரு சிரித்தது. தூணை இடித்துவிடலாம் என்று மேஸ்திரி சொன்னார். இவருக்கு முகம் சிவந்துவிட்டது. நல்ல நாளில் நட்ட தூணை இடித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்றார். "கொஞ்ச நாளு இங்கியே நிக்கட்டும்."

கொஞ்ச நாள் பல வருஷம் ஆனது.

சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு கைதான் இடம். வண்டிக்கும் வாசற்படிக்கும் அதே போலத்தான். இருக்கிற இடத்தில் எப்படி நகர்த்தினாலும் வாசலை அடைத்துக்கொண்டுதான் நிற்கும். வீட்டுக்குப் பின்பக்கம் வழி கிடையாது. முதல் சில நாள் வண்டியின் மூக்கின் மேல் ஏறிக் குதித்தோம். மகளுக்கு முட்டி சிராய்த்த பிறகு, இவர் பின்கதவு இரண்டையும் கழற்றி மொட்டை மாடியில் சாக்குப் போட்டு மூடி வைத்தார். அதோடு வழி வந்துவிட்டது. சின்னக் கேட்டைத் திறந்து, காலைத் தூக்கி வண்டிக்குள் வைத்து, குனிந்து, சீட்டு எதிரில் இரண்டு எட்டு நகர்ந்து, அந்தப் பக்கம் வாசற்படியில் இறங்க வேண்டும். மழைக்குப் பழைய புடவையைத் திரையாகக் கட்டினேன்.

வேடிக்கையாக இருக்கிறது அல்லவா? தெருவுக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. தண்ணீர் லாரி வந்தால் மற்றப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நேராக நடப்பார்கள். நான் குடத்தை முதலில் சீட்டில் வைத்து, பின்னாலேயே ஏறி, அதை நகர்த்தி, இறங்கி, திரும்ப இழுத்துக்கொள்ள வேண்டும். "இன்னாக்கா, காரு சவாரியா? எந்த ஊருக்கு?" என்று ஒருத்தி கேட்பாள். தினமும் கேட்பாள். அதனால் போவதைக் குறைத்துக்கொண்டேன். கடைக்கு மகள் போவாள். ரேஷனுக்கு இவர் போவார். கோயிலுக்கு நாளைக்குப் போகலாம் என்று நினைப்பேன். அந்த நாளை வராது. வீட்டுக்குள் வெளிச்சமும் குறைந்துபோனது. சோற்றில்கூட ரெக்சினும் பெட்ரோலும் கலந்த வாசனை அடித்தது. மற்றவர்களுக்கு அடிக்கவில்லையாம்.

அந்தச் சமயத்தில்தான் அமெரிக்காக் கம்பெனி செங்கல்பட்டுப் பக்கம் பெரிய ரோட்டில் தொழிற்சாலை கட்டிக்கொண்டு வந்தது. இதே கம்பெனி. இவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வண்டியின் சக்கரத் தட்டு ஒன்றைக் கழற்றி, புளி போட்டுத் தேய்த்து, மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். கேட்டில் இருந்த வாட்ச்மேன் நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்கார வைத்து, தட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். பெரிய ஆட்கள் வந்தால் சொல்கிறேன் என்றாராம். அவ்வளவுதான். இவர் அதைப் பிடித்துக்கொண்டார். தெருவில் புதுக் கார் ஒன்று மெதுவாக வந்தால் போதும், சட்டையை மாட்டிக்கொள்வார். "கம்பெனிக்காரன் தேடிகினு வருவான் பாரு. அவன் தாத்தன் செஞ்ச வண்டி நம்ம வூட்ல கீது."

யாரும் வரவில்லை. வந்ததெல்லாம் பெண் பார்க்கிறவர்கள்.

மகள் படித்து, கேளம்பாக்கத்தில் ஒரு ஆபீசில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஆபீஸ் பையோடு விறுவிறு என்று ஏறி இறங்குவாள், பஸ்ஸில் ஏறுகிற மாதிரி. முதலில் வந்தவர்கள் வண்டிச் சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள், அதுதான் முன்கூடம் என்று நினைத்து. காப்பி குடித்தார்கள். போய்ச் சொல்லி அனுப்பினார்கள்: வாசல் அடைத்த வீடு, வேண்டாம். இரண்டாவது வந்தவர்கள் வண்டிக்குள் ஏறவே இல்லை. சின்னக் கேட்டில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"நைனா, உன் மருமவன் பெட்ரோல் ஊத்துனாத்தான் வருவான் போல கீது" என்று மகள் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

மூன்றாவது இடம் கல்பாக்கம் பக்கம். பையன் அணுமின் நிலையத்தில் வேலை. மகளுக்கும் பிடித்திருந்தது, இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டார்கள். எனக்கு நெஞ்சில் ஒரே பிரார்த்தனை: இவளாவது இந்த வண்டியைத் தாண்டிப் போய்விட வேண்டும்.

பையனின் அம்மா குனிந்து ஏறி, குனிந்து இறங்கி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்கள். கல்யாணத்துக்கு நாள் குறித்து எல்லாம் பேசி முடிந்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"தப்பா நெனைக்காதீங்க சம்மந்தி. எங்க வழக்கத்துல, தட்டு எடுத்துகினு நாங்க வந்து, பொண்ண வாசப்படியிலேர்ந்து தெரு வரிக்கும் நேரா நடத்தி இட்டுகினு போவணும். நடுவுல எங்கியும் குனியக் கூடாது. குனிஞ்சி வெளிய வந்த பொண்ணு, கடைசி வரிக்கும் குனிஞ்சே கெடப்பான்னு எங்க மாமியா சொல்லும். அதுக்குள்ள வழிய மட்டும் தொறந்து வெச்சிடுங்க. வேற எதுவும் நாங்க கேக்கல."

நான் தலையாட்டினேன். அவர்கள் போன பிறகு இவர் சொன்னார், "ஒரு நாளுக்காவ தூண இடிக்கிறதா? பொண்ண என் தம்பி வூட்லேர்ந்து அனுப்பிக்கலாம்."

"அவங்க நம்ம வூட்டு வாசல்ல தட்டு வெக்கணும்னு சொல்றாங்க நைனா" என்றாள் மகள்.

"சொன்னா சொல்லட்டும். அந்த வண்டி நவுந்தா வம்சம் நவுந்துரும்."

"வண்டியா வம்சம்? நான் இன்னா அப்போ?" மகள் என்னைப் பார்த்தாள். "யம்மா, நீ ஒரு வார்த்த சொல்லேன்."

நான் அடுப்படிக்குப் போய் விளக்கின பாத்திரத்தையே மறுபடியும் விளக்கினேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. மாடிக்குப் போய், சாக்கு போட்டு மூடியிருந்த கார்க் கதவுகளின் மேல் உட்கார்ந்துகொண்டாள். வெகு நேரம் இறங்கி வரவில்லை.

மறுநாள் காலை இவர் டீக்கடைக்குப் போனதும், நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஏறி இறங்கி, தெருவில் நடந்தேன். மேஸ்திரி வீடு கோயில் குளத்துப் பக்கம். அவர் வேப்பங்குச்சியோடு நின்றுகொண்டிருந்தார்.

"கடப்பாரை எடுத்துகினு வாங்க மேஸ்திரி."

"இன்னாத்துக்கு?"

"தூண இடிக்கணும். பொண்ணு போவணும்."

"அண்ணாத்த சொன்னாரா?"

"நான் சொல்றேன்."

அவர் குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "தங்கச்சி, நீ பேசுவியா? இத்தினி வருசமா உன் கொரலே எனக்குத் தெரியாது."

முதல் அடி விழுந்த சத்தத்துக்கே இவர் ஓடி வந்துவிட்டார். "யார்யா இடிக்கச் சொன்னது?" மேஸ்திரி தாடையால் என்னைக் காட்டினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவர் என்னையே பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். பெருமூச்சு விட்டு, லுங்கியை மடித்துக் கட்டினார்.

"கம்பிய வளைக்காம எடு மேஸ்திரி. அப்பறம் வேணும்."

அந்த வார்த்தை அப்போது என் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை.

தெருப் பையன்கள் தள்ளினார்கள். மகள்தான் மாடியிலிருந்து கதவுகளை இறக்கிக் கொடுத்தாள். இவர் கார்புரேட்டர் வாயில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி முடுக்கினார். புகை கக்கியது, இருமியது, நின்றது. மறுபடியும் இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது. ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்து உட்கார்ந்திருந்த இவருடைய முகத்தைப் பார்த்தேன். முதன்முதலில் மாலை போட்டு ஓட்டி வந்த முகம் அது. எனக்கே பாவமாக இருந்தது.

கல்யாணத்தன்று காலையில் வழி சுத்தமாகத் திறந்திருந்தது. சாணி தெளித்து, வாசற்படியிலிருந்து தெரு வரைக்கும் கோலம் போட்டேன். வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை இருந்தது. அதன் மேலேயே போட்டேன். சம்பந்தியம்மா தட்டோடு நேராக நடந்து வந்தார்கள். என் மகள் வலது காலை எடுத்து வைத்து, பட்டுப்புடவை சரசரக்க, நிமிர்ந்து நடந்து போனாள். குனியவே இல்லை. தெருவில் நின்ற பெரிய வண்டியில் ஏறினாள். வண்டியில் இடம் இல்லை. நானும் இரண்டு பெண்களும் சீர்த் தட்டுகளோடு ஷேர் ஆட்டோவில் முருகன் கோயிலுக்குப் போனோம்.

சாப்பாடு முடிந்து பெண் மாப்பிள்ளையை நெம்மேலி வழியாகக் கடற்கரை ரோட்டில் கல்பாக்கத்துக்கு ஓட்டிப்போவதாக ஏற்பாடு. மகள் ஜன்னலை இறக்கினாள். "யம்மா, நீயும் ஏறு. முன்னாடி எடம் கீது."

எனக்கும் ஆசைதான். இந்தத் தடவை தலையைக் குனியக் கூடாது, கடலைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கூட வைத்திருந்தேன்.

"வூட்ட ஆரு பாக்கறது?" என்றார் இவர். "சொவுரு தொறந்து கெடக்குது."

வண்டி எருமை மாதிரி ஆரன் அடித்துக்கொண்டு போனது. பச்சை வால் திரும்புகிற வரைக்கும் நின்று பார்த்தேன்.

பாத்திரம் எல்லாம் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சின்னக் கேட்டைத் திறந்ததும் வலது கால் தானாக உயரத் தூக்கிக்கொண்டது, இல்லாத வண்டிக்குள் வைப்பதற்கு. காற்றில் வைத்துத் தடுமாறி, சுவரைப் பிடித்துக்கொண்டேன். தலையும் குனிந்திருந்தது. எனக்கே சிரிப்பு வந்தது. வாசற்படியில் உட்கார்ந்தேன். தெரு முழுதும் தெரிந்தது. எதிர்வீட்டு ஆடு என் கோலத்தை நக்கிக்கொண்டிருந்தது. "பொண்ணு பூட்டாளா அக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். தலையாட்டினேன். இன்னும் இரண்டு பேர் பார்த்தார்கள். அவ்வளவு வெளிச்சத்தில் அவ்வளவு பேர் பார்க்க உட்கார என்னால் முடியவில்லை. உள்ளே போய், வண்டியிலிருந்து அவிழ்த்து வைத்திருந்த பழைய புடவையை எடுத்து வந்து வாசலில் மாட்டிவிட்டு, அதற்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் மத்தியானம் வண்டி திரும்பி வந்தது. இடிந்த வழியாகவே உள்ளே நுழைந்து, அந்த எண்ணெய்க் கறையின் மேலேயே வந்து நின்றது. தெருவில் விட்டால் வெள்ளித் தகட்டையெல்லாம் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்றார். இறங்கினதும் முதல் வேலையாகப் பின்கதவுகளைக் கழற்றினார்.

மேஸ்திரி வந்தார். கயிறு கட்டினார். "அண்ணாத்த, கரண்டுக் கம்பத்த ரோடு போட்டப்ப தள்ளி நட்டுட்டான். இப்ப எட்டே வெக்கலாம். எட்டும் நல்லதுதான்."

நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். மேஸ்திரியைக் கூப்பிடப் போன அன்று வாய் திறந்த தைரியம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. "எட்டு வையுங்க மேஸ்திரி" என்றேன்.

இவர் வண்டியின் முதுகைத் துணியால் துடைத்துக்கொண்டே சிரித்தார். கோபமே இல்லை. "போமே. எட்டு வெச்சா எவனாச்சும் வந்து ஓட்டிகினு பூடுவான். ஆறுதான் பத்திரம். கம்பெனிக்காரன் வரட்டும், அவன் முன்னாடி இடிச்சிக்கலாம்."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். எனக்கு அந்த வேலை முடிந்துவிட்டது, மகள் போய்விட்டாள். அவளுக்காகப் பேச வந்த வாய், எனக்காகப் பேசுவதற்கு வரவில்லை.

வளையாத கம்பிகளையே வைத்து, காசும் நவதானியமும் போட்டு, அதே இடத்தில் தூணை வார்த்தார்கள். சாயங்காலம் தண்ணீர் லாரி வந்தது. திரையை விலக்கி, குடத்தைச் சீட்டில் வைத்து, காலைத் தூக்கி, குனிந்து ஏறினேன்.

"இன்னாக்கா, எந்த ஊருக்கு?" என்றாள், தினமும் கேட்கிற அவள்.